ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும்

அவளுக்குக் கம்பெனியில் வைத்த பெயர் சக்கரம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று மேனேஜர் ஒருமுறை சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது. நாற்காலியில் அவள் முதுகு சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. டீ ஆறும்வரை பொறுக்க மாட்டாள். பாதி டம்ளரை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கடைசி வார்த்தையை இவளே சொல்லி முடித்து, அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது சரியாகத்தான் இருக்கும். மீதி நேரத்தைப் பற்றி யாரும் அவளிடம் குறை சொன்னதில்லை. சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் அடுத்த தெருவில் இருப்பாள்.

வீடு வீடாகப் போய் விற்பது அவள் தொழில். தரை சுத்தம் செய்யும் மெஷின், தண்ணீர் வடிகட்டி, மிக்சி என்று பத்து வருடம் விற்றிருந்தாள். அந்த வேலைக்கு அவள் அவசரம் பொருத்தமாகவே இருந்தது. கதவு திறக்கும்போதே பேச ஆரம்பிப்பாள். தரையில் தூசியைக் கொட்டுவாள், மெஷினை ஓட்டுவாள், தூசி போய்விடும். கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் என்ன பேச்சு? பத்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும்.

கம்ப்யூட்டர் வந்தபோதுதான் அவள் பருப்பு வேகவில்லை.

வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் விற்கப்போகிறோம் என்று ஒரு நாள் மேனேஜர் விற்பனை ஆட்கள் ஏழு பேரையும் கூட்டி அறிவித்தார். மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் அந்தப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

"முன்னாடி இது ஒரு முழு ரூமை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப மேஜை மேல வந்து உட்கார்ந்தாச்சு. விலையும் பாதியாயிடுச்சு. கட்டளை எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். மவுஸைப் பிடிச்சு படத்து மேல கொண்டுபோய் ஒரு தட்டு, அவ்வளவுதான். சின்னதாயிடுச்சு, சல்லிசாயிடுச்சு, சுலபமாயிடுச்சு. இனிமே வாங்காம இருக்க யாராவது ஒரு காரணம் சொல்லுங்க பார்ப்போம்!"

அந்த அறையில் யாருக்கும் ஒரு காரணமும் தோன்றவில்லை. வெளியே போனால் வீட்டுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

"போன் நம்பரெல்லாம் இதுல போட்டு வெச்சுக்கலாம்க்கா" என்பாள். "அது நோட்டுல இருக்கேம்மா" என்பார்கள். "குழந்தைங்க படிப்புக்கு" என்பாள். "இருக்கிற புத்தகத்தையே தொட மாட்டேங்குறான்" என்பார்கள். கம்பெனி வண்டிக்கார அண்ணன் ஒவ்வொரு வீட்டிலும் கனமான திரையைத் தூக்கிக்கொண்டுபோய் வைப்பார். இவள் விரல்கள் பறக்கும். வட்டம் வரைவாள், கடிதம் அடிப்பாள், எழுத்தைப் பெரிதாக்குவாள், சிறிதாக்குவாள். பார்த்தவர்கள் சர்க்கஸ் பார்த்ததுபோல் வாயைப் பிளந்தார்கள். "பிரமாதம்மா" என்றார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வண்டிக்கார அண்ணன் மறுபடியும் திரையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.

மூன்று மாதத்தில் ஒன்றுகூட விற்கவில்லை. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வண்டியில் போகாமல் நடந்தே போனாள். உட்கார்ந்தால் யோசனை வரும். யோசனை வந்தால் கோபம் வரும். "பிரமாதம்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் வேண்டாங்குறாங்க?" என்று வண்டி ஜன்னலுக்கு வெளியிலிருந்தே கேட்பாள். வண்டிக்கார அண்ணன் அவள் நடைக்கு ஈடாக வண்டியை மெதுவாக ஓட்டியபடி, "பிரமாதமா இருக்கிறதை யாரும்மா வீட்டுல வெச்சுக்குவாங்க?" என்றார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் ஒரு பஸ் டிரைவர் வீடு வந்தது.

ஐம்பது வயதைத் தாண்டிய கணவன், மனைவி. பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். டிரைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்றடி தள்ளி நின்றே எல்லாவற்றையும் பார்த்தார். "தொட்டுப் பாருங்க சார்" என்றால், "வேண்டாம்மா, நான் தொட்டா எதாவது ஆயிடும்" என்றார். நாற்பது பேர் உட்கார்ந்த பஸ்ஸை மலைப்பாதையில் ஓட்டும் மனுஷன்! அவர் மனைவி அந்தப் பக்கமே வரவில்லை. அதற்குள் வெளியே மழை பிடித்துக்கொண்டது. வண்டியும் கிளம்ப மறுத்தது. நனைந்தால் பெட்டி போய்விடும் என்று, "ரெண்டு நாள் ஓரமா இருக்கட்டும், வந்து எடுத்துக்கிறோம்" என்று சொல்லி மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். வண்டியைச் சரிசெய்ய ஆறு நாள் ஆகிவிட்டது.

ஏழாம் நாள் போனபோது டிரைவரே கதவைத் திறந்தார். வழியை விட்டு நகரவில்லை.

"இன்னும் நாலு நாள் இருக்கட்டுமேம்மா."

"சார், இது விக்கிற மெஷின்..."

"அதான் கேக்கறேன். என்ன பண்ணணும், கையெழுத்து எங்க போடணும்?"

உள்ளே மேஜைக்கு முன்னால் அவர் மனைவி உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். திரையில்தான். தலையைத் திருப்பாமலே, "வாம்மா" என்றார். "நேத்து தொண்ணூத்தாறு ஆட்டம். தொண்ணூத்தஞ்சு தோத்துட்டேன். தோத்தா ஒரு ஈ காக்கா பார்க்கல பாரு, அதுதான் எனக்குப் பிடிச்சது."

டிரைவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு பக்கக் கடிதம். பக்கத்துக் கடையில் அச்செடுத்திருந்தார்.

"எங்க அக்காவுக்கு. ஏழு வருஷமாப் பேச்சு இல்ல. தப்பு என் மேலதான். எழுதலாம்னு எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், எழுத்துப் பிழை வேற. அடிச்சு அடிச்சுத் திருத்தின காகிதத்தைப் பார்த்தா அக்கா படிக்கறதுக்கு முன்னாடியே சிரிப்பா. இதுல பாரும்மா, அழிச்சா அழிச்ச தடமே இல்ல. முதல் வரியை மட்டும் முப்பது தடவை மாத்தியிருப்பேன். அக்காவுக்குத் தெரியவா போகுது?"

"நான் இதையெல்லாம் அன்னிக்கே காட்டினேனே சார்? அழிக்கிறது, திருத்துறது..."

டிரைவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைக்காதம்மா. நீ காட்டினது நீ எவ்வளவு கெட்டிக்காரிங்கிறதைத்தான். நான் தப்புப் பண்ணணும்னா நீ இங்க இல்லாம இருக்கணும்."

அன்று திரும்பும்போது அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். உடம்பு சரியில்லையோ என்று வண்டிக்கார அண்ணன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் மேனேஜர் அறையில் ஒரே சத்தம். "அடுத்தவங்க வீட்டுல விட்டுட்டு வர்றதுக்கு அது என்ன குடையா?" என்றார். அவள் அறைக்குள் மேலும் கீழும் நடந்தபடி, மூன்றே மூன்று மெஷின், ஒரே ஒரு மாதம் என்று கேட்டாள். அவள் நடப்பதைப் பார்த்துத் தலை சுற்றியே அவர் ஒப்புக்கொண்டதாகப் பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

அதிலிருந்து அவள் பேச்சு நான்கு வரியாகச் சுருங்கியது. "நான் எதுவும் காட்டப் போறதில்ல. போடுற சுவிட்ச் இது, நிறுத்துறது இப்படி. என்ன தட்டினாலும் உடையாது, வெடிக்காது. ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும்."

சொல்வது சுலபம். விட்டுவிட்டு வருவது அவளுக்கு உயிர் போகிற பாடு. அந்தத் தெரு வழியாகத் தினமும் இரண்டு தடவை காரணமே இல்லாமல் போய் வருவாள். ஜன்னலில் திரை வெளிச்சம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். மூன்றாம் நாள் கதவைத் தட்டக் கை ஓங்கி, திரும்பி வந்ததும் உண்டு.

ஆனால் வாரம் முடிந்து போனால் பத்தில் ஏழு வீடு பெட்டியைத் திருப்பித் தரவில்லை. அவள் சொல்லியிருந்த காரணத்துக்காக ஒரு வீடும் வாங்கவில்லை. காது மந்தமான ஒரு கணக்கு வாத்தியார், வகுப்பில் பிள்ளைகள் கேட்டுத் தன் காதில் விழாத கேள்விகளை அதே வகுப்பில் படிக்கும் பேத்தியை விட்டு அடிக்கச் சொல்லி, பதில் அடித்துக்கொண்டிருந்தார். தையற்கடை அக்கா ஒருத்தி துணியை வெட்டுவதற்கு முன் கழுத்து வளைவைத் திரையில் நாற்பது விதமாக வரைந்து பார்த்தாள். வெட்டிய துணியை ஒட்ட முடியாது, இங்கே முடியும். ஒருவர் ஒன்றுமே செய்யவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தன் பெயரைப் பெரிய எழுத்தில், சிறிய எழுத்தில், சாய்ந்த எழுத்தில் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் வாங்கினார்.

அடுத்த வருடம் போன் லைன் வழியாக ஈமெயில் வந்தது. அதன் பிறகு அவள் நடையே குறைந்துவிட்டது. ஒரு வீட்டில் மெஷின் இருந்தால் அந்த வீட்டிலிருந்து எழுத இன்னொரு வீட்டிலும் இருந்தாக வேண்டும். டிரைவரின் அக்கா வாங்கினார். அவர் மகள் வாங்கினாள். மகளுடைய மாமியார், மருமகள் தன்னைப் பற்றித்தான் எழுதுகிறாளோ என்று சந்தேகப்பட்டு, அவரும் வாங்கினார். "முதல் மெஷினைத்தான் நான் வித்தேன்" என்பாள் சக்கரம். "ரெண்டாவதை அந்த முதல் மெஷின் வித்துடுச்சு."

இவ்வளவு விற்றவள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அவளுக்கு அதன் முன் உட்கார நேரம் ஏது?

அவள் கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவர். அவருக்குப் பேச்சு திக்கும். சில எழுத்துகளில் வார்த்தை வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கல்யாணமான புதிதில் அவர் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு வாக்கியத்தையே முடித்துக் கொடுத்தாள். பதினொரு வருடத்தில், அவர் வாயைத் திறந்தாலே போதும் என்று ஆகிவிட்டது. அவர் எப்போதும் சரி என்று தலையாட்டினார். நல்ல மனுஷன், எதற்கும் மறுப்பு இல்லை என்று அவள் தோழிகளிடம் சொல்லிக்கொள்வாள்.

கம்பெனி வேறு ஊரில் புதுக் கிளை திறந்து அவளையே மேனேஜராகப் போடுவதாகச் சொன்ன நாளில், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே சொன்னாள். ரயிலில் ஒன்பது மணி நேரம். சொந்த அறை. கீழே இருபது பேர். கணவரும் ஒன்பது வயது மகளும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு அங்க வ... வ..." என்றார் கணவர்.

"வரத்தானே போறீங்க, அதுல என்ன? உங்க கைக்குக் கண்ணாடிக் கடையா கிடைக்காது! ஸ்கூல் நான் விசாரிச்சாச்சு, வீடும் ரெண்டு பார்த்து வெச்சிருக்காங்களாம்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி சாப்பிட்டாள். மறுநாள் காலை சம்மதக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அந்த வாரம் கம்பெனி கிடங்கில் கூரை ஒழுகி, மெஷின்களை ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வண்டிக்கார அண்ணன் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். அவள் பெட்டி கட்டும் வேலையில் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சனிக்கிழமை காலையில், கம்பி இணைப்புகளைக் கழற்றுமுன் நிறுத்தலாம் என்று மவுஸைத் தொட்டாள். திரை விழித்துக்கொண்டது. அதில் ஒரு கடிதம் இருந்தது. மேலே கணவர் இவளைக் கூப்பிடும் பெயர்.

"பதினொரு வருஷமா நீ என் வாக்கியத்தை முடிச்சு வெக்கிற. கோபத்துல இதைச் சொல்லல. டாக்டர்கிட்ட, ஸ்கூல்ல, டிக்கெட் கவுன்ட்டர்ல அது எனக்குப் பெரிய உதவி. ஆனா வீட்டுல நான் சொல்ல வர்றது ஒண்ணு, நீ முடிக்கிறது ஒண்ணா இருக்கு. திருத்தணும்னா நான் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அந்தத் தெம்பு வராம சரின்னு விட்டுடறேன். கூடத்துச் சுவருக்குப் பச்சை வேண்டாம்னு சொல்ல வந்தேன். பச்சைங்கிற வரைக்கும்தான் வந்துச்சு. ஆறு வருஷமா அந்தப் பச்சையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

அன்னிக்கு நான் சொல்ல வந்தது, எனக்கு அங்க வர விருப்பம் இல்லைங்கிறது. இந்தக் கடையில நான் பேசி முடிக்கிற வரைக்கும் முதலாளியும் வர்றவங்களும் காத்திருப்பாங்க. அவங்க அப்படிப் பழக எனக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இன்னொரு ஊர்ல அதைத் திரும்ப ஆரம்பிக்க என்னால முடியாது. நீ போகக் கூடாதுன்னு சொல்லல. அதை நீதான் முடிவு பண்ணணும். இதை அஞ்சு நாளா எழுதறேன். எத்தனை தடவை அழிச்சேனோ தெரியல. இந்தப் பெட்டி அவசரப்படுத்தல."

அவள் இரண்டு முறை படித்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள், அங்கிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருவுக்கு. சந்தையை ஒரு முழுச் சுற்று சுற்றினாள். கடைசியில் கண்ணாடிக் கடைக்குள் போய்ப் பார்வைப் பரிசோதனைக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் உட்கார்ந்தாள். முதலாளி "என்னம்மா, கண்ணு தெரியலையா?" என்று கேட்டதற்கு, "ஆமாங்க" என்றாள்.

கணவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். இருவரும் கடைக்குப் பக்கத்துச் சந்தில் நின்றார்கள்.

"படிச்சேன்" என்றாள். அதற்குமேல் பேசாமலிருக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கைப்பையின் வாரை முறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி முறுக்கினாள். அவர் ஆரம்பித்தார், நின்றார், மறுபடி ஆரம்பித்தார். மூன்று நான்கு தடவை அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நீ... நீ போகணும்னு ஆசை இருந்தா போ" என்று அவர் முடித்தார். "நான் இங்க இ... இருப்பேன்."

அவள் நினைத்துவைத்திருந்த வார்த்தை 'போகாத' என்பது. எடுத்துக் கொடுத்திருந்தால் அதுவும் தப்பாகப் போயிருக்கும்.

போனாள். தனியாக, ஒரு வருட ஒப்பந்தத்தில். கிடங்கிலிருந்து வந்த அந்த மெஷினை வீட்டுக்கே வாங்கிப் போட்டுவிட்டுப் போனாள். புது ஊர் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, அவள் நடப்பதற்கு ஏழடி இடம். முதல் வாரமே அழுகை வந்தது. ஆனால் தினமும் மாலையில் ஈமெயிலில் அவர் கடிதம் வந்தது. நாலு வரி வரும், சில நாள் நாற்பது வரி. "இன்னிக்கு ஒருத்தர் புதுக் கண்ணாடியைப் போட்டு என்னைப் பார்த்துட்டு, 'அடடா, நீங்க இவ்வளவு வயசானவரா?'ன்னார். பழைய கண்ணாடியையே திருப்பிக் கொடுத்துட்டேன்" என்று எழுதுவார். அவள் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரிப்பாள். தன் புருஷனுக்கு இவ்வளவு கிண்டல் வரும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. மகளும் எழுதினாள், முழுக்க அப்பா மேல் புகார். அந்த ஒரு வருடத்தில் அவர்கள் பேசியது முந்தைய பதினொரு வருடத்தில் பேசாதது.

ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து முதல் வேலையாகக் கூடத்துச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்.

அதற்குள் கடைத்தெருவில் பத்துக் கடைக்கு ஒரு கடை கம்ப்யூட்டர் கடையாகியிருந்தது. வீட்டு வாசலில் வந்து விற்க ஆள் தேவைப்படவில்லை. கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டது. சக்கரம் பல வேலைகள் பார்த்தாள். எதிலும் இரண்டு வருடம் தாண்டவில்லை. கடைசியில் பொது நூலகத்தில், கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போடத் தெரியாதவர்களுக்கு உதவும் வேலை கிடைத்தது.

அங்கேதான் அவளுக்குப் பழையபடி இருப்புக்கொள்ளாமல் போயிற்று. வருகிறவர்கள் யாரும் ஆசைப்பட்டு வரவில்லை. டிக்கெட்டும் பரீட்சை முடிவும் அதில்தான் வந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவதும் அதில்தான். வேறு எங்கும் கிடையாது. ஒரு நாள் ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி வந்தார். வயது அறுபதுக்கு மேல். தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனி ரேகை அழிந்த கை.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க கவுன்ட்டரை மூடிட்டாங்க, போய்க் கம்ப்யூட்டர்ல போடுன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு எப்படிம்மா போறது?"

சக்கரம் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். அன்று வீட்டுக்கு வந்து சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். "நான் வீடு வீடா விட்டுட்டு வந்தப்ப வேண்டாம்னு திருப்பிக் கொடுக்க ஒரு வழி இருந்துச்சுங்க. பத்துல மூணு பேர் கொடுத்தாங்க. அவங்க இப்ப எங்க போவாங்க?"

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். "சொ... சொல்லு, எழுதறேன்."

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் போயிற்று, பதில் இல்லை. நான்காவதில் அவள் நூலகத்துக்கு வந்தவர்களைப் பற்றி வரிசையாகச் சொன்னாள், அவர் அவள் கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு அந்த ஆட்களை மட்டும் விட்டுவைத்தார். இரண்டு மாதம் கழித்து, வாரம் இரண்டு காலைகள் கவுன்ட்டர் திறக்கப்படும் என்று பதில் வந்தது.

திறந்த முதல் நாள் அவள் பார்க்கப் போனாள். பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். சமையல்காரப் பெண்மணி மூன்றாவதாக நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் குமாஸ்தா ஒவ்வொருவரிடமும் என்ன உடம்புக்கு என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடித்ததும் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் தன் முழங்கால் வலியை ஆரம்பத்திலிருந்து சொன்னார். வரிசை முனகியது, குமாஸ்தா கேட்டுக்கொண்டாள். சக்கரம் தூணோரமாகக் கடைசி ஆள் போகும்வரை நின்று பார்த்துவிட்டு, நூலகம் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.